பூமியின் வெப்பக் கணக்கு அறுந்துவிடக் கூடாது: விண்வெளி முகமைகளுக்கு ஒரு திறந்த மடல்

புவி நோக்குச் செயற்கைக்கோள்களைத் திட்டமிடும் விண்வெளி முகமைகளுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருப்போருக்கும்,

2022 நவம்பரில் அமெரிக்காவின் நோவா-21 வானிலைச் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. வானிலைக் கருவிகள் பல அதில் ஏறின. பூமி திருப்பி அனுப்பும் வெயிலையும் வெளிவிடும் வெப்பத்தையும் முழு அலைநீளத்திலும் அளக்கும் கருவி மட்டும் ஏறவில்லை. அதற்கென்று ஆர்பிஐ என்ற கருவி உருவாகிக்கொண்டுதான் இருந்தது. செலவு கூடிக்கொண்டே போகிறது, தொழில்நுட்பச் சிக்கல்கள் தீரவில்லை என்று 2018 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. அந்த முடிவுக்கு நியாயம் இருந்திருக்கலாம். கெட்டுப்போன திட்டத்தை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நிறுத்திய இடத்தில் வைக்க மாற்று எதுவும் கையில் இல்லை. இருப்புக் கருவி ஒன்றுகூட இல்லை. அதைத்தான் எங்களால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

இன்று உலகம் நம்பியிருக்கும் இந்த அளவீட்டின் பெரும்பகுதி செரெஸ் என்ற ஒரே கருவிக் குடும்பத்திலிருந்து வருகிறது. 1999 டிசம்பரில் டெரா செயற்கைக்கோளில் இரண்டு, 2002 மே மாதம் அக்வா செயற்கைக்கோளில் இரண்டு, 2011 அக்டோபரில் சுவோமி என்பிபியில் ஒன்று, 2017 நவம்பரில் நோவா-20இல் ஒன்று. அத்தோடு நின்றுவிட்டது. அடுத்த கருவியான லிபெரா, 2027இல் ஏவத் திட்டமிட்டுள்ள ஜேபிஎஸ்எஸ்-4 செயற்கைக்கோளுக்காகக் காத்திருக்கிறது. இரு ஏவுதல்களுக்கு நடுவே பத்து ஆண்டுகள். சுவோமி என்பிபி 5 ஆண்டு ஓடினால் போதும் என்று வடிவமைக்கப்பட்டது. நோவா-20க்கு 7 ஆண்டு. இரண்டுமே தமக்கு எழுதிக்கொடுத்த ஆயுளைத் தாண்டிவிட்டன. லிபெரா ஏறும் ஏவுகணைக்கு ஒன்று நேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, 'நேராது என்று நம்புவோம்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இதைத் திட்டமிடல் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு மெல்லிய கழித்தலில் நிற்கிறது என்பதை எண்களோடு சொல்லிவிடுகிறோம். இந்த மடலில் வாட் என்றால், சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று கொள்க. சூரியனிலிருந்து வருவது ஏறக்குறைய 1361 வாட். பூமி உருண்டை என்பதால் அதை நான்கால் வகுத்தால் சராசரி 340. அதில் 100 வாட் அளவுக்கு மேகங்களும் பனியும் தரையும் தூசுப்படலமும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. 240க்குச் சற்றுக் குறைவாக அகச்சிவப்பு வெப்பமாக வெளியேறுகிறது. இவை போக மிஞ்சுவது சுமார் 1 வாட். பருவநிலை மாற்றம் என்று நாம் பேசும் அத்தனையும் இந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

1 வாட் அற்பமாகத் தெரியலாம். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். அதோடு பெருக்கினால் 510 டெராவாட் வருகிறது. மனித குலம் முழுவதும் எரிக்கும் ஆற்றலைப் போல ஏறத்தாழ 25 மடங்கு. அதில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் இறங்குகிறது. தரையும் உருகும் பனியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ள, காற்று மண்டலத்துக்குப் போவது நூற்றில் ஒரு பங்குதான். காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் மொத்தத்தில் நூற்றில் ஒன்றைத்தான் பார்க்கிறார். எல் நினோ ஆண்டில் கடல் கொஞ்சம் வெப்பத்தை வெளிவிட்டால் வெப்பநிலை துள்ளும், லா நினாவில் அடங்கும். ஆற்றல் சமநிலை, அதாவது வருவதற்கும் போவதற்கும் உள்ள இந்த வித்தியாசம், அப்படி ஏமாற்றாது. உள்ளே எவ்வளவு சேர்கிறது என்பதை அது நேராகக் காட்டிவிடும்.

அது இப்போது காட்டுவது என்ன? 2005 வாக்கில் 0.4 வாட்டுக்கு அருகில் இருந்த மிச்சம், 2019 வாக்கில் 1.1ஐத் தாண்டியது. 2023இல் 1.8 வரை போனது. வெளியேறும் வெப்பம் அடைபட்டதைவிட, உள்ளே உறிஞ்சப்படும் வெயில் கூடியதே இதில் பெரிய பங்கு. பூமி முன்பைவிடக் கறுத்திருக்கிறது: கடல் பனி குறைந்தது, தாழ்ந்த மேகங்கள் குறைந்தன. தாழ்மேகம் ஏன் குறைந்தது என்பதில்தான் இன்றைய வாக்குவாதம் முழுவதும். கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 2020 ஜனவரி 1 முதல் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாக இறக்கப்பட்டது. தொழிற்சாலைப் புகையும் பல இடங்களில் குறைந்தது. புகைத்துகள் குறைந்தால் மேகத்துளிகள் எண்ணிக்கையில் குறைந்து உருவில் பெரிதாகின்றன, மேகம் மங்குகிறது. இதுதான் முதன்மைக் காரணம் என்றால் கதை ஒருமாதிரி. வெப்பம் கூடியதால் மேகம் தானே விலகுகிறது என்றால் கதை வேறு. அப்போது வருங்கால வெப்ப உயர்வு நாம் போட்ட கணக்கைவிட அதிகமாக இருக்கும். இயல்பான ஊசலாட்டமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. இவற்றைப் பிரித்தறிய இனி வரும் பத்தாண்டு அளவீடு வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்துக் கருவிகள் ஓய்கின்றன.

'பழையது நின்றால் புதியது ஏவுவோம், நடுவே ஓரிரு ஆண்டு விட்டுப்போனால் என்ன?' என்று கூட்டங்களில் கேட்கப்படுகிறது. கேள்வி இயல்பானதுதான். பதிலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

செரெஸ் கருவியின் அறுதித் துல்லியம், அதாவது உண்மை மதிப்பிலிருந்து அது விலகக்கூடிய அளவு, திரும்பும் வெயிலில் சுமார் 1 விழுக்காடு, வெளியேறும் வெப்பத்தில் அரை விழுக்காடு. விண்வெளியில் இது மிக நல்ல துல்லியம். ஆனால் 100 வாட்டில் ஒரு விழுக்காடு என்றாலே 1 வாட். 240இல் அரை விழுக்காடு 1.2 வாட். நாம் தேடும் மிச்சமும் அதே அளவுதான். கருவிகள் சொல்வதை அப்படியே கூட்டிக் கழித்தால் பூமியில் 4 வாட்டுக்கும் மேல் மிச்சம் வருகிறது. அது உண்மையாக இருந்தால் கடல் இன்று சூடாகும் வேகத்தைப் போலப் பல மடங்கு வேகத்தில் சூடாகியிருக்க வேண்டும். ஆகவே ஆர்கோ மிதவைகள் கடலில் அளந்த வெப்பச் சேர்க்கையைக் கொண்டு, 2005 ஜூலை முதல் 2015 ஜூன் வரையான பத்தாண்டுச் சராசரியை 0.71 வாட்டுக்கு ஒருமுறை நங்கூரமிட்டு வைத்திருக்கிறோம்.

அப்படியானால் செரெஸ் எதற்கு? மாற்றத்தைப் பார்க்க. அறுதி மதிப்பில் தவறினாலும் அந்தத் தவறு ஆண்டுதோறும் மாறாமல் நிற்கிறது. அதனால் ஏற்ற இறக்கத்தை வாட்டில் சில பத்தில் ஒரு பங்கு வரை நம்பலாம். இந்த நிலைப்புதான் பதிவின் உயிர். தராசை மாற்றும்போது ஒரே கல்லைப் பழைய தட்டிலும் புதிய தட்டிலும் வைத்துப் பார்த்தால் போதும், கணக்கு தொடரும். பழைய தராசு உடைந்தபின் புதியதை வாங்கினால் கல் எடை கூடியதா, தராசு மாறியதா என்று எவராலும் சொல்ல முடியாது. இடைவெளிக்குப் பின் வரும் புதிய கருவி வெயில் பக்கத்தில் மட்டும் 1 வாட் ஐயத்தோடு தொடங்கும். மாற்றமோ பத்தாண்டுக்கு அரை வாட் அளவு. அந்த ஐயத்தைத் தாண்டி மாற்றம் கண்ணில் படவே இருபது ஆண்டு பிடிக்கும். ஓராண்டு இடைவெளியின் விலை ஓராண்டு அல்ல.

இது ஊகமும் அல்ல. நடந்திருக்கிறது.

சூரியக் கதிர்வீச்சை அளக்கும் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ரிம்-1 என்ற கருவி 1989இல் ஓய்ந்தது. 1986 சேலஞ்சர் விபத்தால் விண்ணோடப் பயணங்கள் தள்ளிப்போக, ஆக்ரிம்-2 1991இல்தான் ஏறியது. நடுவிலிருந்த இரண்டு ஆண்டை நிம்பஸ்-7, இஆர்பிஎஸ் செயற்கைக்கோள்களின் துல்லியம் குறைந்த கருவிகளைக் கொண்டு இட்டு நிரப்பினார்கள். அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றை நம்பிய குழு, சூரியன் மெல்லப் பிரகாசமாகிறது என்றது. அதையே மற்றதைக் கொண்டு திருத்தி எடுத்த குழு, அப்படி எதுவுமில்லை என்றது. அந்தச் சச்சரவு பல்லாண்டு ஓடியது. புவி வெப்பமாவதற்குச் சூரியன்தான் காரணம் என்று சாதிக்க விரும்பியவர்களுக்கு வசதியாகவும் இருந்தது.

அதே வரிசையில் இன்னொரு பாடமும் உண்டு. 2003இல் சோர்ஸ் செயற்கைக்கோளின் டிம் கருவி 1361 என்று சொன்னபோது, அதற்கு முந்தைய கருவிகள் 1365, 1366 என்று சொல்லிக்கொண்டிருந்தன. பிழை பழையவற்றில். அவற்றில் துல்லியத் துளை உள்ளே தள்ளியிருந்தது. முன்பக்கம் பெரிய துளை. தேவைக்கு மேல் உள்ளே நுழைந்த ஒளி சிதறி உணரியில் விழுந்தது. டிம்மில் துல்லியத் துளையை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள், சிக்கல் தீர்ந்தது. அந்த நாலரை வாட்டை நான்கால் வகுத்து, உறிஞ்சப்படும் பங்கை எடுத்தால் 0.8 வாட். பூமியின் மொத்த மிச்சத்துக்கு ஏறத்தாழச் சமமான பிழை இது. கருவிகள் ஒரே நேரத்தில் ஒரே சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அது பிடிபட்டது. பிறகு இன்னொரு டிம் கருவியை ஏற்றிச்சென்ற குளோரி செயற்கைக்கோள், 2011 மார்ச் 4 அன்று ஏவுகணையின் முகப்பு உறை பிரியாமல் கடலில் விழுந்தது. சோர்ஸின் மின்கலம் அப்போதே தளர்ந்திருந்தது. 2013 நவம்பரில் மாற்றுக் கருவி ஒன்று அவசரமாக ஏறி வரிசையைக் காப்பாற்றியது. அந்த இடத்தில் இன்று லிபெராவை வைத்துப் பாருங்கள்.

பூமியின் பக்கமும் இந்த வடு இருக்கிறது. இஆர்பிஎஸ் 1984 அக்டோபரில் ஏவப்பட்டது. மேகம் பூமியைக் குளிர்விக்கிறதா, சூடாக்குகிறதா என்ற பழைய கேள்விக்கு அதன் தரவைக் கொண்டுதான் 1989இல் வீ. ராமநாதனும் சகாக்களும் எண்ணில் பதில் சொன்னார்கள்: வெயிலைத் திருப்புவதில் 44.5 வாட் குளிர்ச்சி, வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் 31.3 வாட் சூடு, போக நிகரக் குளிர்ச்சி 13 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் வரும் சுமார் 4 வாட் உந்துதலைவிட மூன்று மடங்கு. மேகத்தில் சிறு விழுக்காடு மாறினாலே பருவநிலைக் கணக்கு புரண்டுவிடும் என்பது அன்றிலிருந்து எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் வருடு கருவி 1990இல் நின்றது. செரெஸ் முழு அளவில் தொடங்கிய 2000 வரை, இடையில் பறந்த ஸ்காராப் போன்றவை துண்டு துண்டாகத்தான் தரவு தந்தன. பட்டை பட்டையாக வருடாமல் பூமியை ஒரே பார்வையில் மொத்தமாகப் பார்க்கும் அகலப் பார்வைக் கருவி மட்டும் தொடர்ந்து ஓடியது. அதை வைத்து, வெப்பமண்டலத்திலிருந்து வெளியேறும் வெப்பம் 1980களுக்கும் 1990களுக்கும் நடுவே 3.1 வாட் கூடியது என்று முதலில் எழுதினார்கள். பெரிய செய்திதான். பிறகு பார்த்தால், செயற்கைக்கோள் 611 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 585க்கு இறங்கியிருக்கிறது. அகலப் பார்வைக் கருவிக்குக் கீழே இறங்க இறங்கப் பூமி பெரிதாகத் தெரியும், வரும் கதிர் கூடும். அதையும் மற்றக் கோளாறுகளையும் திருத்தியபின் 3.1 என்பது 0.7 ஆனது. ஒப்பிட இன்னொரு நல்ல கருவி மேலே இருந்திருந்தால் இத்தனை ஆண்டு பிடித்திருக்காது.

செரெஸ் மட்டும் பழுதற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு வந்த நோய் இந்த மடலின் வாதத்தை இன்னும் வலுவாக்குகிறது. கருவியில் மூன்று அலைவரிசைகள்: வெயிலுக்கு 0.3 முதல் 5 மைக்ரான், வெப்பக் கதிரைக் காற்று அதிகம் மறிக்காத 8 முதல் 12 மைக்ரான் வரை ஒரு 'சன்னல்', பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மொத்தம். இரவில் வெப்பத்தை மொத்த அலைவரிசையே தந்துவிடும். பகலில் மொத்தத்திலிருந்து வெயிலைக் கழித்தால்தான் வெப்பம். சுற்றுப்பாதையில் கருவியின் ஒளியியல் பாகங்களில் நுண்ணிய மாசு படிகிறது, சூரியனின் புற ஊதா அதை இறுக்குகிறது. நீல நிறப் பக்கம் ஒளி கடப்பது மெல்லக் குறைகிறது. இதைக் கண்காணிக்க உள்ளே ஒரு டங்ஸ்டன் விளக்கு உண்டு. ஆனால் டங்ஸ்டன் ஒளியில் நீலம் மிகக் குறைவு. நோய் நீலத்தில், சோதனை சிவப்பில். விளக்கு 'எல்லாம் சரி' என்று சொல்லிக்கொண்டேயிருந்தது.

எப்படிப் பிடித்தார்கள்? ஒரே செயற்கைக்கோளில் இரண்டு கருவி இருந்ததால். ஒன்று பாதைக்குக் குறுக்கே வருடியது. மற்றது எல்லாக் கோணத்திலும் பார்ப்பதற்காகச் சுழன்றுகொண்டே வருடியது. சுழல்வது அவ்வப்போது பறக்கும் திசையை நேராகப் பார்த்ததால் அதில் மாசு வேகமாகப் படிந்தது. மேகமற்ற கடல் நீல ஒளி மிகுந்த காட்சி. அடர்ந்த மேகம் எல்லா நிறமும் கலந்த வெள்ளை. இரு கருவிகளுக்கு நடுவேயான வேறுபாடு கடல்மேல் வளர்ந்தது, மேகத்தின்மேல் அந்த அளவுக்கு வளரவில்லை. பகல் வெப்பத்துக்கும் இரவு வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுதோறும் நகர்ந்தது. சன்னல் அலைவரிசையோ நகரவில்லை. இந்த மூன்று தடயத்தையும் கோத்துத்தான் திருத்தம் செய்யப்பட்டது. கருவி ஒன்று மட்டும் இருந்திருந்தால் 'பூமி கறுக்கிறது' என்ற பொய்ப்போக்கு ஒன்று பதிவாகியிருக்கும். இன்று பூமி உண்மையாகவே கறுக்கிறது என்று நாம் சொல்வதை நம்பலாம் என்பதற்கு இந்தச் சலிப்பூட்டும் ஒப்பீட்டு வேலைதான் ஆதாரம். அதைச் செய்கிறவர்களின் ஊதியம் உங்கள் பட்டியலில் 'செயல்பாட்டுச் செலவு' என்ற தலைப்பில் ஒளிந்திருக்கிறது. வெட்டு விழும்போது முதலில் விழுவதும் அங்கேதான்.

டெராவும் அக்வாவும் பாதையைப் பிடித்துவைக்க எரிபொருள் இல்லாமல் நகரத் தொடங்கிவிட்டன. டெரா காலை 10.30க்கு நிலநடுக்கோட்டைக் கடந்தது, இப்போது அதைவிட முன்னதாகக் கடக்கிறது, பிற்பகல் 1.30க்குக் கடந்த அக்வா பின்னுக்குப் போகிறது. நேரம் மாறினால் மேகம் மாறும். கண்டங்களின் மேற்குக் கரையோரக் கடல்களில் படுக்கை மேகம் விடியலில் தடித்து, பிற்பகலில் கரையும். தரையில் இடிமேகம் மாலையில் எழும். நேர நகர்வைத் திருத்தாமல் விட்டால் அது பருவநிலை மாற்றமாக வேடம் போடும். ஒரே இடத்துக்கு மேலேயே நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் மணிக்கு மணி எடுக்கும் படங்களைக் கொண்டு இதைத் திருத்துகிறார்கள். ஆனால் அவற்றின் அளவையே செரெஸை வைத்துத்தான் நேராக்குகிறார்கள்.

இனி, மாற்றாகச் சொல்லப்படுபவை. ஆர்கோ போதுமே என்கிறார்கள். உலகக் கடல்களில் சுமார் 4000 மிதவைகள் 10 நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழம்வரை இறங்கி ஏறுகின்றன. ஆர்கோவை நாங்கள் நங்கூரம் என்று சொன்னது சும்மா இல்லை. ஆனால் 1 வாட் மிச்சம் அந்த 2000 மீட்டர் நீரை ஆண்டுக்கு ஒரு டிகிரியில் 200இல் ஒரு பங்குதான் சூடாக்கும். பத்தாண்டுச் சராசரிக்கு ஆர்கோ அருமை. மாதத்துக்கு மாதம் என்றால் நீரோட்டங்களின் இரைச்சலில் சைகை மூழ்கிவிடும். அதைவிட முக்கியம்: வெப்பம் சேர்ந்தது என்று ஆர்கோ சொல்லும், வெயில் கூடியதாலா, வெப்பம் அடைபட்டதாலா, எந்த வட்டாரத்தில் எந்த மேகத்தால் என்று அதனால் சொல்லவே முடியாது. வானிலைப் படக்கருவிகள் போதுமா? அவை சில குறுகிய அலைவரிசைகளை மட்டும் பார்க்கின்றன. மிச்ச நிறமாலையைக் கணினி மாதிரியின் துணையோடு ஊகிக்க வேண்டும். பருவநிலை மாதிரிகளை வைத்தே இடைவெளியை நிரப்பலாமா? எந்த மாதிரியைச் சோதிக்க இந்தப் பதிவு வேண்டுமோ அதே மாதிரியால் பதிவை நிரப்பினால் சோதனை எங்கே இருக்கிறது? ஐரோப்பாவின் கெர்ப் கருவி பூமியின் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறது. 2024 மே மாதம் ஏறிய எர்த்கேர் செயற்கைக்கோளின் கதிர்மானி தன் பாதையின் குறுகிய பட்டையை மட்டும் பார்க்கிறது. சீனாவின் ஃபெங்யுன்-3 வரிசையிலும் கதிர்வீச்சுக் கருவிகள் உண்டு. இவை எல்லாமே வேண்டும். ஒன்றையொன்று சரிபார்க்கும் துணைகளாக வேண்டும். ஆனால் ஒரே அளவுகோலில் பிசிறில்லாமல் தொடரும் உலகளாவிய பதிவின் இடத்தில் இவற்றில் எதையும் உட்கார வைக்க முடியாது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

இன்னும் இயங்கும் செரெஸ் கருவி எதையும், அது தானே ஓயும் முன் பணத்தைக் காட்டி அணைக்காதீர்கள். பாதை நகர்ந்த கருவியும் ஒப்பீட்டுக்கு உதவும். இரு செயற்கைக்கோள்களின் பாதைகள் வெட்டும் இடங்களில் வருடு தளங்களை ஒன்றாகத் திருப்பி ஒரே காட்சியை ஒரே கோணத்தில் பார்க்கவைக்கும் வேலை இந்தக் கருவிகளுக்குப் பழக்கமானதுதான்.

லிபெராவும் நோவா-20இன் கருவியும் நான்கு பருவமும் அடங்க ஒரு முழு ஆண்டாவது சேர்ந்து ஓட வேண்டும். இதைத் திட்டத்தின் வெற்றிக்கான நிபந்தனையாக ஆவணத்தில் எழுதுங்கள். ஏவும் தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும், பழைய கருவிகள் அதுவரை தாங்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற மதிப்பீட்டைப் பொதுவில் வெளியிடுங்கள்.

லிபெராவின் திட்டமிட்ட அறிவியல் பணிக்காலம் 5 ஆண்டுகள். அதற்கு அடுத்த கருவியின் கட்டுமானம் லிபெரா ஏறும்போதே தொடங்கியிருக்க வேண்டும். கூடவே, அளவுத்திருத்தம் முடித்துத் தூய அறையில் பாதுகாத்து வைத்த இருப்புக் கருவி ஒன்று எப்போதும் தரையில் இருக்க வேண்டும். நோவா-21 வெறுமனே போனதுபோல் இன்னொரு செயற்கைக்கோள் போகக் கூடாது. கதிர்மானியை எதில் ஏற்றினாலும் அதே தளத்தில் படக்கருவி ஒன்றும் இருக்கட்டும். கீழே இருப்பது மேகமா, பனியா, பாலையா என்று தெரியாவிட்டால் ஒரு கோணத்தில் அளந்த ஒளியை எல்லாத் திசைக்குமான மொத்தமாக மாற்ற வழியில்லை.

இந்த அளவீட்டை ஆய்வுப் பயணம் என்ற பட்டியலிலிருந்து எடுத்து, வானிலைச் சேவைக்கான நிரந்தரக் கருவிகளின் பட்டியலில் சேருங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போட்டியிட்டு வெல்ல வேண்டிய ஆய்வுத் திட்டமாக முப்பது ஆண்டுப் பதிவு எதையும் நடத்த முடியாது. கருவிக்கு ஒதுக்கும் நிதியோடு அளவுத்திருத்தக் குழுவுக்கும், பழைய தரவு முழுவதையும் திருத்தி மறுபடி கணக்கிடுவதற்குமான நிதியைப் பிரிக்க முடியாதபடி கட்டிவையுங்கள்.

எல்லா நாட்டு முகமைகளும் தத்தம் கதிர்மானிகளின் மூல எண்ணிக்கைகளையும், ஏவும் முன் எடுத்த தரைச் சோதனைத் தரவையும் திறந்து வையுங்கள். முடிவுத் தரவை மட்டும் தந்தால் நீலப்பக்க மங்கலைப் போன்ற நோயை வெளியிலிருந்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

அறுதித் துல்லியத்தைப் பத்து மடங்கு கூட்டும் நோக்கத்தோடு வரையப்பட்ட ட்ரூத்ஸ், கிளாரியோ போன்ற திட்டங்களைப் பட்ஜெட் நெருக்கடியின்போது முதலில் கைவைக்கும் இடமாக நடத்தாதீர்கள். விண்ணிலேயே ஒரு நிலையான அளவுகோல் வந்துவிட்டால் பிற்காலத்தில் இடைவெளி விழுந்தாலும் கடக்கலாம்; இன்று அந்த வசதி இல்லை. ஆர்கோவின் 2000 மீட்டர் மிதவைகளை உரிய காலத்தில் மாற்றவும், 6000 மீட்டர் வரை இறங்கும் ஆழ்கடல் மிதவைகளைப் பெருக்கவும் தனி நிதி வேண்டும். நங்கூரம் அறுந்தால் செரெஸின் பூச்சியப் புள்ளியும் மிதக்கத் தொடங்கும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க முடியாது, ஏன் என்பதை அடுத்த நிதியாண்டுத் திட்டம் இறுதியாகும் முன் எழுத்தில் வெளியிடுங்கள். அதோடு, அடுத்த பதினைந்து ஆண்டுக்கு எந்த ஆண்டில் எந்தச் செயற்கைக்கோளில் எந்தக் கதிர்வீச்சுக் கருவி இருக்கும் என்ற ஒரு பக்க அட்டவணையையும் வெளியிடுங்கள். அதில் எந்த ஆண்டிலும் இரண்டு கருவிக்குக் குறைவாக இருந்தால், அந்த ஆண்டுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
பூமியின் கதிர்வீச்சுத் தரவோடு பணிபுரிவோர்